முதலில் சுவரா, தரையா?

அந்தப் பெயிண்டரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய மாமியாரிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெற்ற தாய் முகம் அவருக்கு நினைவில் இல்லை. கல்யாணம் ஆன புதிதில், மாமியார் வீட்டு ஹாலில், ஜன்னலோர நாற்காலியில் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்திருந்தவரிடம், "மாப்ளே, இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள் பாருங்கள், அன்றைக்கு விழுந்தவர்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே திங்கள் முதல் சனி வரை ஊரார் சுவருக்கெல்லாம் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவிகூடக் கிண்டல் செய்வாள்: "நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, எங்கம்மாவைத் தத்தெடுத்துக்கிட்டீங்களா?"

ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'செகண்ட் கோட்'. எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும், "ஒண்ணும் இல்ல, செகண்ட் கோட் அடிச்சா சரியாயிடும்" என்பார். காய்ச்சல் என்று போனாலும் அதையேதான் சொல்வார். அப்படிப்பட்ட மனிதருக்கு எந்தக் கோட் அடித்தும் சரியாகாத ஒரு சண்டை இருந்தது. சண்டை அவருடைய சகலையோடு. மனைவியின் தங்கை புருஷன். சகலை டைல்ஸ் ஒட்டுகிறவர். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். டீக்கடை மேசையில் வைத்துப் பார்ப்பார், பேருந்து நிலைய பெஞ்சில் வைத்துப் பார்ப்பார். சொந்த மகளின் பிறந்தநாள் கேக்கின் மேல் வைத்துப் பார்த்து, "இடது பக்கம் தாழ்ந்திருக்கு" என்று சொல்லிக் குழந்தையை அழ வைத்தவர்.

மாமியார் தன் வீட்டு ஹாலைப் பெரிதாக இழுத்துக் கட்டினாள். இரண்டு மாப்பிள்ளைகளும் தொழில்காரர்கள், வெளியாள் எதற்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். பாவம், அங்கேதான் வந்தது வினை. கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: டைல்ஸ்காரர் கல் அறுத்தால் தூசி பறந்து போய்ப் புதுப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். பெயிண்டர் சுவர் அடித்தால் புதுத் தரையில் சொட்டு விழும். ஆகவே யார் முதலில் வேலையை முடிக்கிறாரோ, அவர் வேலையின் மேல்தான் அடுத்தவருடைய அழுக்கு விழும்.

"நீங்க முதல்ல தரையை முடிங்க சகலை" என்றார் பெயிண்டர்.

"அதெப்படி? நீங்க மூத்த மாப்பிள்ளை. நீங்க முதல்ல சுவரை முடிங்க" என்றார் சகலை.

கேட்பவர்களுக்கு என்ன மரியாதை, என்ன பண்பு என்று தோன்றும். அந்த மரியாதை மதியம் வரை நடந்தது. மதியத்துக்கு மேல், "நீங்க அடிக்கிறது பெயிண்டா, மழையா?" என்று ஒருவர் கேட்டார். "உங்களுக்குத் தூசி கிளப்பத்தானே தெரியும்!" என்றார் மற்றவர். சாயங்காலம் சகலை பெயிண்டரின் ஏணியை வெளியே வைத்தார். பெயிண்டர், சகலை சிமெண்ட் பூசும் கரணையை வாளித் தண்ணீரில் போட்டார். மாமியார் இருவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு ஒண்ணா வந்தா வாங்க. தனித்தனியா வந்தா கதவு திறக்காது. ஆமாம்!"

அவ்வளவுதான். நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனைவியும் பிள்ளைகளும் தலை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பெயிண்டர் நேற்று வைத்த சூப்பைச் சுட வைத்துக் குடித்துவிட்டு, தன் வீட்டுச் சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பொரித்த மீன் வாசனையோடு திரும்பி வருவார்கள். அப்போது அவர் படும் பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

"பாட்டி வீட்டு ஹால் எப்படிடா இருக்கு?" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்பார்.

மகன் அம்மா முகத்தைப் பார்ப்பான். அம்மா கூரையைப் பார்ப்பாள். "இருக்குப்பா" என்பான் மகன்.

"நீங்களே போய்ப் பிள்ளைங்க சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" என்று மனைவி கேட்டால், "நான் ஏன் முதல்ல பேசணும்?" என்று மூக்கு விடைக்கக் கத்துவார். கத்திவிட்டுப் போய்க் காலி சூப்புக் கிண்ணத்தைக் கழுவுவார்.

இப்படி இருக்கும்போதுதான் வல்லரசுகள் வந்து சேர்ந்தன.

உலகத்தில் அப்போது இரண்டு பெரிய வல்லரசுகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றின் தலைவர் எப்போதும் தொப்பியோடு இருப்பார், மற்றவருக்குப் பெரிய மீசை. அதனால் ஊர்ச் சனங்கள் தொப்பி வல்லரசு, மீசை வல்லரசு என்றே பேசிக்கொண்டார்கள். ஏதோ ஒரு கடலிடுக்கில் இரண்டு தரப்புப் போர்க்கப்பல்களும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. நீ முதலில் கப்பலைத் திருப்பு என்றார் தொப்பி. நீ முதலில் திருப்பு, நான் அடுத்த நிமிஷமே திருப்புகிறேன் என்றார் மீசை. வருஷக் கணக்காக இதே பாட்டு. கடைசியில் இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் ஊரில் சமாதானப் பேச்சு என்று முடிவானது. அந்த ஊர்தான் நம் பெயிண்டரின் ஊர். மாநாட்டு மண்டபத்தைப் புதுப்பிக்க ஆள் எடுத்தார்கள். சுவருக்குப் பெயிண்டர் வந்தார். தரைக்கு யார் வந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபத்து மேற்பார்வையாளர் விவரமானவர். மண்டபத்தை இரண்டாகப் பிரித்தார். கிழக்குப் பாதியில் தரை முதலில், மேற்குப் பாதியில் சுவர் முதலில். ஆளுக்குப் பாதி நியாயம் கிடைத்தது. இருவரும் தங்களுக்குக் கிடைத்த பாதி அநியாயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. 'ஓரமாப் போ' என்று சொல்ல வேண்டியிருந்தால்கூட அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியனிடம் சொல்வார்கள், அவர் போய்ச் சொல்லுவார். பக்கத்தில்தான் நிற்பார்கள், காதிலும் விழும். இருந்தாலும் எலக்ட்ரீஷியன் வந்து சொல்கிறவரை நகர மாட்டார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எலக்ட்ரீஷியன் கேட்டார்: "ஏண்ணே, இந்தச் சமாதானம் நிக்குமா?"

பெயிண்டர் கையைத் துடைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அரசியல் என்றால் அவருக்கு உயிர். "நிக்காது தம்பி. எழுதி வெச்சுக்க. ஏன் தெரியுமா? ரெண்டு பேருக்கும் சண்டை பிடிக்கல. ரெண்டு பேருக்கும் வீட்டுக்குப் போகணும். ஆனா முதல்ல திரும்புறவன் தோத்தவன்னு ஆயிடும்ல? அதான் நிக்கிறானுங்க. வீம்பு தம்பி, வெறும் வீம்பு! இந்த வயசுல கொஞ்சமாவது புத்தி வேணாமா?"

எலக்ட்ரீஷியன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "அண்ணே, நீங்க வல்லரசைச் சொல்றீங்களா, உங்க சகலையைச் சொல்றீங்களா?"

"அது வேற, இது வேற!" என்று பெயிண்டர் சீறினார். "அங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு. இங்க அவர் மேல மட்டும்தான் தப்பு."

மாநாட்டுக்கு நாலு நாள் முன்பு ஓர் அதிகாரி அம்மா வந்து இறங்கினார். யார் எந்த வாசலில் நுழைவது, யார் எப்போது சிரிப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. கழுத்தில் விசில் தொங்கியது. கேமராவையும் விளக்கையும் சரிபார்க்கத் தலைவர்களுக்குப் பதிலாக நின்று ஒத்திகை காட்ட, அதே உயரத்தில் இரண்டு ஆள் வேண்டும் என்றார். டேப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்தில் இருந்தவர்களையெல்லாம் அளந்தார். பெயிண்டர் அச்சாகத் தொப்பித் தலைவர் உயரம். மீசைத் தலைவர் உயரத்துக்கு மண்டபம் முழுக்க ஒரே ஒருவர்தான் பொருந்தினார். சகலை!

இருவருக்கும் கோட்டு சூட்டு மாட்டிவிட்டார்கள். பெயிண்டர் தலையில் ஒரு தொப்பி. சகலையின் மூக்குக்குக் கீழே கறுப்பு டேப்பில் ஒரு மீசை. சகலை கோட்டுப் பையில் முதல் வேலையாக ரசமட்டத்தைச் செருகிக்கொண்டார்.

"விசில் ஊதினதும் ரெண்டு பேரும் எதிரெதிர் வாசல்ல இருந்து வாங்க. நடுவுல நின்னு கை குலுக்குங்க" என்றார் அதிகாரி அம்மா.

விசில் ஊதினார். இருவரும் நடுவில் வந்து நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"கை!" என்றார் அதிகாரி அம்மா.

"அவரை முதல்ல நீட்டச் சொல்லுங்க" என்றார் பெயிண்டர், எலக்ட்ரீஷியனைப் பார்த்து.

"அவரு மூத்தவரு. அவரை நீட்டச் சொல்லுங்க" என்றார் சகலை, அதே எலக்ட்ரீஷியனைப் பார்த்து.

அதிகாரி அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதம்! நிஜத் தலைவர்கள் மாதிரியே பண்றீங்களே! யார் சொல்லிக் குடுத்தது?" என்று கை தட்டினார். நாலு நாளும் ஒத்திகை நடந்தது. ஒரு தடவைகூட இவர்கள் கை குலுக்கவில்லை. கேமராக்காரர்கள் வெறும் காற்றுக்கு விளக்கைச் சரிசெய்துகொண்டார்கள்.

மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதிகாரி அம்மா இரண்டு குறை கண்டுபிடித்தார். மீசைத் தலைவர் வாசலோரத் தூணில் ஒரு கீறல். சகலையின் தள்ளுவண்டி உரசியது. தொப்பித் தலைவர் வாசலோரத் தரையில் ஒரு கல் உடைந்திருந்தது. பெயிண்டரின் ஏணி விழுந்தது. "உடனே சரி பண்ணுங்க" என்றார். பெயிண்டர் தூணுக்கு வெள்ளை எனாமல் அடித்தார். சகலை உடைந்த கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதித்தார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஈரமாக எதையாவது விட்டுப் போகிறவர், கடைசியாக மண்டபத்தில் நிற்கிற ஆளிடம் 'அது ஈரம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த ஆள் சுற்றிக் கயிறு கட்டுவார். அன்றைக்கு மண்டபத்தில் கடைசியாக நின்றவர்கள் இரண்டே பேர்தான். பெயிண்டர் சகலையைப் பார்த்தார். சகலை பெயிண்டரைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஒரு வார்த்தை, அட, ஒரே ஒரு வார்த்தை! இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை உலகமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஏதாவது அவசரம் என்றால் தேவைப்படும் என்று அதிகாரி அம்மா இவர்கள் இருவரையும் கோட்டு சூட்டோடு திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. விசில் ஊதினார்.

மீசைத் தலைவர் வாசலில் தோன்றினார். ஆனால் நகரவில்லை. முதலில் வந்தவர் என்ற பெயர் தனக்கு வேண்டாமென்று, சாவகாசமாகத் தூணில் உள்ளங்கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். மற்றொரு உள்ளங்கையையும் அதே தூணில் பதித்துக்கொண்டார். எதிர் வாசலில் தொப்பித் தலைவர் அவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, மிக மிக மெதுவாக, காலைத் தூக்கி வைத்தார். புதுக் கல்லின் மேல் வைத்தார்.

கல் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது.

அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை, பறந்தார். தொப்பி ஒரு பக்கம் போயிற்று, தலைவர் ஒரு பக்கம் வந்தார். மீசைத் தலைவர் பதறிப்போய்த் தூணிலிருந்து கைகளைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்து, விழப் போனவரை அள்ளிப் பிடித்தார். இரண்டு வல்லரசுகளும் மண்டபத்தின் நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. தொப்பித் தலைவரின் கறுப்புக் கோட்டு முதுகில் இரண்டு வெள்ளைக் கைகள் பளிச்சென்று பதிந்திருந்தன.

திரைச்சீலைக்குப் பின்னால் இவர்கள் இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஐயோ, அந்தக் கல்லு செட் ஆகலையே!" என்றார் சகலை.

"ஐயோ, அந்தத் தூண் காயலையே!" என்றார் பெயிண்டர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சொல்லியிருக்கலாமே சகலை!"

"நீங்க சொல்லியிருக்கலாமே!"

"இப்ப என்ன ஆகும்?"

"உலகப் போர் வரும். நம்மளாலதான் வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துப் புத்தகத்துல போடுவாங்க."

பெயிண்டர் குனிந்து பார்த்தால், அவருடைய கை சகலையின் கைக்குள் இருந்தது. இறுக்கமாக, வேர்வையோடு. யார் முதலில் பிடித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

வெளியே யாரோ சிரித்தார்கள். மீசைத் தலைவர், தொப்பித் தலைவரின் முதுகில் தன் கைத்தடத்தைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தொப்பித் தலைவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சேர்ந்து சிரித்தார். மதியத்துக்குள் கையெழுத்து ஆகிவிட்டது. இரண்டு தரப்புக் கப்பல்களும் ஒரே நிமிஷத்தில் திரும்பும். முதலில் கை நீட்டியது யார் என்று டிவியில் நிபுணர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். விழுந்தவரா, பிடித்தவரா? கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாததால்தான் இருவராலும் கையெழுத்துப் போட முடிந்தது என்பது பெயிண்டரின் கட்சி.

ஆனால் அதையெல்லாம் அவர் பிற்பாடு யோசித்தது. அப்போது அவர் யோசித்தது ஒன்றைத்தான். "சகலை, போலீஸ் வர்றதுக்குள்ள கிளம்பிடலாமா?"

"எங்க போறது?"

"இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார் பெயிண்டர்.

கோட்டு சூட்டைக்கூடக் கழற்றவில்லை. மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கதவைத் தட்ட வலது கை வேண்டும். இருவருடைய வலது கைகளும் ஒன்றையொன்று பிடித்திருந்தன, மாமியார் வீட்டுக் கதவை இடது கையால் தட்ட முடியுமா? கோத்த கையை விட்டால் கதவு திறக்காது. கடைசியில் இருவரும் சேர்ந்து நெற்றியால் முட்டினார்கள்.

மாமியார் கதவைத் திறந்தாள். தொப்பி ஒருவர், டேப் மீசை ஒருவர், கையைக் கோத்தபடி. மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க மாப்ளே. நீங்களும் வாங்க சின்ன மாப்ளே. மீன் ஆறுது."

உள்ளே போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஹால் முடிந்திருந்தது! சுவரில் இளமஞ்சள் பெயிண்ட், நல்ல வேலை, செகண்ட் கோட்டும் அடித்திருந்தது. தரையில் கண்ணாடி மாதிரி டைல்ஸ். மனைவிமார் இருவரும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இது... எப்ப அத்தை?"

"நீங்க சண்டை போட்டுட்டுப் போனீங்களே, அந்த மாசமே முடிஞ்சிருச்சு. யாரோ ரெண்டு பேர் வந்தாங்க. வேலையைப் பார்த்தாங்க. போனாங்க."

"எது முதல்ல?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். "சுவரா, தரையா?"

மாமியார் கரண்டியை நீட்டினாள். "அதை மட்டும் கேட்டீங்க, ரெண்டு பேரையும் இப்பவே வெளிய தள்ளிடுவேன். என் உயிர் போனாலும் சொல்ல மாட்டேன். உங்க பொண்டாட்டிங்களும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப இத்தனை வருஷமா எங்களை ஏன் அத்தை வெளிய வெச்சீங்க? ஹால்தான் முடிஞ்சிருச்சே!"

"நீங்க ஹாலுக்காகவா வெளிய நின்னீங்க?" என்றாள் மாமியார்.

இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோர நாற்காலி பெயிண்டருக்காகவே காத்துக்கொண்டிருந்தது போல் இருந்தது. சகலை எதிரே, சுவரோரமாக. மூலையில் டிவி ஓடியது. இந்தச் சமாதானம் எத்தனை நாள் தாங்கும் என்று நிபுணர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெயிண்டருக்குக் கை பரபரத்தது. தொழில் புத்தி விடுமா? கரண்டி கை தவறி விழுந்ததுபோல் விட்டுவிட்டு மேசைக்கடியில் குனிந்தார். அங்கே, அவருடைய நாற்காலிக் காலோரம், டைல்ஸின் மேல், மிளகு அளவில் ஒரு மஞ்சள் சொட்டு.

தரையின் மேல் பெயிண்ட் சொட்டு! அப்படியென்றால் தரைதான் முதலில். அவர் சொன்னதுதான் சரி. இத்தனை வருஷம், இத்தனை சூப்பு, எல்லாவற்றுக்கும் இதோ சாட்சி. எழுந்து நின்று கூவ வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்துகொண்டே நிமிர்ந்தார்.

"மாப்ளே, இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா?" என்று கேட்டாள் மாமியார்.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வைங்க அத்தை" என்றார். சொல்லிவிட்டு, மேசைக்கடியில் வலது காலை மெல்ல நகர்த்தி அந்தச் சொட்டின் மேல் வைத்தார். சாப்பாடு முடிகிறவரை எடுக்கவில்லை. கால் மரத்துப்போனது. சோபாவில் வந்து உட்காருங்கள் என்று மனைவி கூப்பிட்டபோது, இன்னும் பசிக்கிறது என்று சொல்லி மேலும் ஒரு மீனை வாங்கித் தின்றார்.

எதிரே சகலையும் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்கு நல்ல முதுகு இருந்தும், அவர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, சுவரில் ஒரே இடத்தில் தோளை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது. அந்த இடத்துப் பெயிண்டில் ஒருவேளை கல் தூசி ஒட்டியிருக்கிறதோ என்று பெயிண்டருக்கு ஒரு கணம் தோன்றியது.

அவர் கேட்கவில்லை. மீன் தட்டைச் சகலையின் பக்கம் தள்ளிவிட்டார்.